யாரோட இடது

"விமானம் கிழிஞ்சு போச்சுன்னா யாரு தாத்தா தைப்பாங்க?"

பேத்தி இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. தையல்காரர் ஒரு கால்சட்டையின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு குண்டூசிகள் இருந்ததால் உடனே சிரிக்க முடியவில்லை. அவற்றை எடுத்து ஊசிமெத்தையில் குத்திவிட்டு, பிறகு வசதியாகச் சிரித்தார். விமானம் தகரத்தில் செய்வது, அதைத் தைக்க முடியாது, தட்டிக் கொட்டத்தான் முடியும் என்று விளக்கினார்.

"அந்தத் தாத்தா கொண்டாந்த விமானம் கிழிஞ்சிருக்கே," என்றாள் அவள்.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

அந்தத் தாத்தா என்றால் சம்பந்தி, மகளின் மாமனார். ஆஸ்பத்திரிகளிலும் மண்டபங்களிலும் ஜெனரேட்டர் பழுது பார்த்தே நாற்பது வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டு ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதம் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. டீ கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போய், பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரியை நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நிறுத்தியிருக்கிறார். லாரி மேல் கட்டியிருந்தது ஒரு குட்டி விமானம். அதை அங்கேயே விலை பேசி வாங்கிவிட்டார்.

சம்பந்தி என்பது ஒரு தினுசான உறவு. சொந்தம்தான், ஆனால் தோளில் கை போட முடியாது. மரியாதை உண்டு, ஆனால் மனம் விட்டுப் பேச முடியாது. கோபம் வந்தால் விழுங்கிவிட வேண்டும். துப்பினால் அது பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் போய் விழும். பிள்ளைகளுக்குக் கல்யாணமான எட்டு வருடத்தில் இவரும் அவரும் பேசிக்கொண்டதெல்லாம் மழை, முழங்கால் வலி, பேத்தியின் பல் ஆகிய மூன்றைப் பற்றித்தான்.

ஆனாலும் அன்று மாலை தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த விமான கிளப்பின் மைதானத்துக்குப் போனார். கடைசிக் கொட்டகையில் அது கிடந்தது. முன்னே ஒருவர் பின்னே ஒருவர் என்று இரண்டு பேர் உட்காரலாம். வயதில் இரண்டு சம்பந்திகளுக்கும் மூத்தது. தலைக்கு மேல் குடை மாதிரி இறக்கை. இறக்கையின் தோல் நார் நாராகத் தொங்கியது, வாலுக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. தையல்காரர் ஒரு கிழிசலை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது துணி சம்பந்தி."

"ஆமா சம்பந்தி. உள்ள மரச்சட்டம், மேல துணி. அந்தக் காலத்துல அப்படித்தான். துணிக்கு யாரப் போயிக் கேக்குறதுன்னு வீட்ல புலம்பிக்கிட்டு இருந்தேன். உங்களக் கேக்க ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு."

"கூச்சப்பட என்ன இருக்கு," என்றார் தையல்காரர். அதற்குள் அவருடைய கை தானாகக் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிவிட்டது.

அவர் அன்று எடுத்த அளவுக் குறிப்பு இன்றும் கடையின் பில் புத்தகத்தில் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் 'விமானம்' என்று எழுதி, கை நீளம், தோள், சுற்றளவு எல்லாம் வரிசையாகப் போட்டு, கடைசியில் 'ஒரு தோள் லேசான இறக்கம்' என்று சேர்த்திருந்தார். அதைப் பார்த்த அவர் மனைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஒரு தலையணை உறை கிழிஞ்சு ஆறு மாசமாச்சு. அத ஒட்டுப் போட ஆளில்ல. சம்பந்தி வீட்டு விமானத்துக்குச் சட்டை தைக்கக் கிளம்பிட்டாரு."

"அது கிழிசலோட பறக்காதுடி."

"நான் மட்டும் கிழிஞ்ச உறையில தூங்கணுமாக்கும்."

தலையணை உறையை அன்றே தைத்துக் கொடுத்துவிட்டார். சின்ன முணுமுணுப்பைக்கூடக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கடவுள் பெரிய காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார், ஒட்டுப் போடுவதை மட்டும் நமக்கு விட்டிருக்கிறார் என்று சொல்வார். ஒவ்வொரு முறை ஊசியில் நூல் கோக்கும்போதும் உதடு அசையாமல் ஒரு வரி பிரார்த்தனை செய்வார். ஒரு நாளைக்கு எத்தனை முறை நூல் கோக்கிறாரோ, அத்தனை முறை.

பழைய துணியை உரிப்பதற்கு முன் விமானத்தைப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. சம்பந்தி ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிப் பெயர் சொல்வார். தையல்காரர் வெள்ளைத் துணித் துண்டில் அதை எழுதிக் கட்டுவார். கடையில் யாருடைய சட்டை என்று அடையாளம் கட்டுவது போலத்தான். முதல் நாளே தகராறு வந்துவிட்டது.

"இடது கதவு," என்றார் சம்பந்தி.

தையல்காரர் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "இது வலது கதவு இல்லையா சம்பந்தி?"

"இடதுதான். முன்னாடி நின்னு பாருங்க."

"சட்டையில இடது பைன்னா, போட்டிருக்கிறவரோட இடதுதானே சம்பந்தி. எதிர்ல நிக்கிறவரோட இடது இல்லையே."

"சட்டைக்குச் சரி. மெஷினுக்கு, முன்னாடி நின்னு வேலை பாக்குறவனுக்கு எது இடதோ அதுதான் இடது. நாப்பது வருஷமா அப்படித்தான்."

"விமானத்துக்குள்ள ஆள் உக்காருறாரே."

"ஜெனரேட்டருக்குள்ள யாரு உக்காந்தா?"

"அதத்தான் சம்பந்தி நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. சம்பந்திகள் உயர்த்த மாட்டார்கள். ஆனால் அதன் பிறகு அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். வெளியே மழை இல்லை.

அன்று வீடு திரும்பும் வழியில் தையல்காரருக்கு மனசு உறுத்தியது. எட்டு மாதம் நாற்காலியில் கல்லாகக் கிடந்த மனுஷன் இப்போதுதான் எழுந்து முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிறார். ஒரு இடதுக்காகவும் வலதுக்காகவும் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டுமா? போகட்டும், இனி சம்பந்தி சொல்கிற இடதே இடது என்று முடிவு செய்தார். அதை அவரிடம் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் அது விட்டுக்கொடுத்ததாகாது. மறுநாள் சம்பந்தி விமானத்துக்குள் நுழைந்து கழற்றிக் கழற்றி நீட்ட, இவர் வெளியே உட்கார்ந்து எழுதிக் கட்டினார். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, வேலையும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

தையல் நாட்கள்தான் கொண்டாட்டம். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் தையல்காரர், அந்தப் பக்கம் சம்பந்தி. முழங்கை நீள ஊசி. இவர் குத்தி அனுப்புவார், அவர் வாங்கி, விலாச் சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவார், இவர் முடிச்சுப் போடுவார். இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முகம் தெரியாமல் போனதும் வாய் திறந்துகொண்டது.

"ஊசி வருது சம்பந்தி."

"வரட்டும் சம்பந்தி. ஒண்ணு சொல்லவா? கல்யாணத்தப்போ நீங்க தச்சுக் குடுத்த கோட்டு எனக்கு அக்குள்ல பிடிச்சுது."

"தெரியும் சம்பந்தி. போட்டோவுல பாத்தேன். கைய விறைப்பா வச்சுக்கிட்டு, ராணுவத்துலேர்ந்து வந்த மாதிரி நின்னீங்க."

"எட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

துணிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, இறக்கை முழுவதும் அதிர்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவங்க ரெண்டு பேருக்கும்தான் கல்யாணம் பண்ணி வச்சிருக்கணும்," என்றார் தையல்காரரின் மனைவி.

"பொருத்தம் பாக்காமலேயே ஒத்துப் போகுது," என்றார் சம்பந்தியம்மா.

தைத்து முடித்த துணியின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சை அடுக்கடுக்காகப் பூசினார்கள். காய்ந்ததும் துணி சுருங்கி, தட்டினால் டங்கென்று மத்தளம் போலப் பேசியது. பேத்தி பள்ளி விட்டு வந்து தினமும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். எஞ்சினை அக்கக்காகக் கழற்றிப் பூட்டியது சம்பந்தியின் பங்கு. முதல் முறை அது உயிர் பெற்றபோது கக்கிய கரும்புகையில் இரண்டு பேரின் முகமும் ஒரே நிறமாகி, எந்தத் தாத்தா எந்தத் தாத்தா என்று பேத்தியே ஒரு கணம் தடுமாறினாள்.

இப்படி மூன்று வருடம். அப்போதுதான் கிளப்பிலிருந்து சேதி வந்தது. மாதக் கடைசியில் அந்தக் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். பறக்கத் தகுதியுள்ள விமானத்துக்கு மட்டும்தான் புதுக் கொட்டகையில் இடம். தகுதிச் சான்று கொடுக்கும் ஆய்வாளர் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். இந்தச் சனிக்கிழமை வருகிறார். அன்று கையெழுத்து விழாவிட்டால், பழைய லாரி மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

சம்பந்தியம்மா தையல்காரரைத் தனியே கூப்பிட்டார். "அண்ணா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அந்த நாற்காலிய நான் இன்னும் தூக்கிப் போடல. இது போச்சுன்னா அவரு நேரா அதுல போயி உக்காந்துடுவாரு. இந்தத் தடவ எழுந்திருப்பாருன்னு எனக்கு நம்பிக்கையில்ல."

"கையெழுத்து விழும்மா," என்றார் தையல்காரர். சொன்ன பிறகுதான், அது தன் கையில் இல்லையே என்று உறைத்தது.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு சோதனை பார்த்தார்கள். இறக்கைகளின் பின் விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக, கதவு போல மேலும் கீழும் அசையும் மடல்கள் இரண்டு. விமானி கையிலுள்ள கோலை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ, அந்தப் பக்கத்து மடல் மேலே போக வேண்டும், மற்றது கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பும். கோலுக்கும் மடல்களுக்கும் நடுவே கேபிள்கள். அவற்றைத் துணித் துண்டு பார்த்து மாட்டியவர் தையல்காரர்தான்.

சம்பந்தி உள்ளே உட்கார்ந்து கோலைச் சாய்த்தார். தையல்காரர் விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்றார்.

"இடது சாய்ச்சிருக்கேன். எது மேல சம்பந்தி?"

"இடது மேல சம்பந்தி."

"வலது."

"வலது மேல."

"அப்பச் சரி," என்றார் சம்பந்தி. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆள் பார்த்துச் சொன்ன பிறகு தானும் எட்டிப் பார்ப்பது அந்த ஆளை நம்பாதது போல ஆகிவிடும். அதுவும் சம்பந்தியை.

சனிக்கிழமை காலை இரண்டு குடும்பமும் வந்து இறங்கியது. மகள், மாப்பிள்ளை, பேத்தி, தூக்குப் பாத்திரங்கள், ஒரு ஜமுக்காளம். ஏதோ நிச்சயதார்த்தம் மாதிரி இருந்தது. கிளப்பின் பைலட் ஏற்கனவே வந்து, தோல் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். கையெழுத்து விழுந்தால் முதல் சுற்று தனியாகப் போவார், அடுத்த சுற்றில் தையல்காரரை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது மாடிக்கு மேல் ஏறியே பழக்கமில்லாத தையல்காரர் முந்தின நாளே நகம் வெட்டி, புதுச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஆனால் ஏறுவதைவிட அவருக்குப் பெரிய ஆசை வேறொன்று இருந்தது. தான் தைத்த துணி தரையை விட்டு முதல் முறை எழும்புகிற அந்த நொடியைக் கீழே நின்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதை நினைத்து நினைத்தே மூன்று வருடம் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

ஆய்வாளர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அடர்நீல மேல்சட்டை, கையில் ஒரு நோட்டு. சம்பந்தி போட்ட வணக்கத்துக்குத் தலையசைத்துவிட்டு, எஞ்சினைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், இறக்கையின் தையலை விரலால் தடவிக்கொண்டே கடைசி வரை நடந்தார்.

"இத யாரு தச்சது?"

"நான்தாம்மா," என்றார் தையல்காரர்.

"முடிச்செல்லாம் ஒரே மாதிரி இருக்கு," என்றார் அவர். சிரிக்கவில்லை. ஆனால் தையல்காரருக்குக் காது வரை சூடு ஏறியது.

பிறகு அவர் சன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுக் கோலை இடது பக்கம் சாய்த்தார். சாய்த்த கையோடு தலையைத் திருப்பி இறக்கையைப் பார்த்தார். வலது பக்கம் சாய்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது முறையும் செய்தார். அப்போது அவர் முகத்தில் ஒன்று மாறியது. அதைத் தையல்காரர் ஒருவர்தான் கவனித்தார். கால்சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்று வாய் திறந்து சொல்லாத வாடிக்கையாளர்களின் முகத்தை நாற்பது வருடம் படித்தவர் அல்லவா.

ஆய்வாளர் நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்து நின்ற சம்பந்தியைப் பார்த்தார். நோட்டை மூடிப் பேனாவை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இங்க கொஞ்சம் வாங்க. தையல்ல ஒரு சந்தேகம்," என்று தையல்காரரை இறக்கையின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"சட்டையில இடது பைன்னா, யாரோட இடது?"

"போட்டிருக்கிறவரோட இடதும்மா."

"விமானத்துக்கு?"

"விமானத்துக்கு எங்க சம்பந்தி கணக்கும்மா, முன்னாடி நிக்கிற..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"நான் இப்ப ஒண்ணும் எழுதல," என்றார் அவர். "எழுதினா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுதான். பேப்பர் பாக்குற வேலை இருக்கு. அத முடிச்சுட்டு ஒரு மணி நேரத்துல வருவேன். மொதல்லேர்ந்து மறுபடி பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா எழுதிடுவேன்." பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கன்ட்ரோல் எல்லாம் நான் கடைசியாத்தான் பாக்குறது. மொதல்ல காகிதத்தக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்கு நடந்தார்.

தையல்காரர் சம்பந்தியின் கையைப் பிடித்தார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. "வாங்க, கீழ ஒரு வேலை இருக்கு," என்று விமானத்தின் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார். இருவரும் மல்லாந்து படுத்தார்கள்.

"சம்பந்தி, கேபிள் கழட்டறப்போ இடதுன்னு சொன்னீங்களே. அது யாரோட இடது?"

"உங்க இடதுதான்."

"என் இடதுன்னா?"

"போட்டிருக்கிறவரோட இடது. மொத நாளே வீட்டுக்குப் போயி யோசிச்சேன் சம்பந்தி. பாவம், நமக்காகக் கடையச் சாத்திட்டு வராரு, ஒரு இடதுக்காக அவரு மனச நோகடிக்கணுமான்னு. மறுநாள்லேர்ந்து உங்க கணக்குதான். சொல்லிக் காட்ட வேணாம்னு விட்டுட்டேன்."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் மறுநாள்லேர்ந்து உங்க கணக்கு சம்பந்தி. துண்டுல இடதுன்னு இருந்தா, முன்னாடி நிக்கிறவரோட இடதுன்னு எடுத்துக்கிட்டு, எதிர்ப் பக்கம் மாட்டிட்டேன்."

கதவுகளும் சக்கரங்களும் தத்தம் பக்கத்தில் மட்டும்தான் பொருந்தும், அதனால் பிழைத்தன. கேபிள்கள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. மாற்றி மாட்டினாலும் கேள்வி கேட்காமல் மாட்டிக்கொண்டன.

"அப்ப நேத்து செக் பண்ணினோமே?" என்றார் சம்பந்தி.

"இடது மேலன்னு நான் சொன்னது உங்க இடது."

"நான் கேட்டுக்கிட்டது உங்க இடது."

தலைக்கு மேல் விமானத்தின் வயிறு. பைலட் இடது பக்கம் திரும்ப நினைத்திருந்தால் விமானம் வலது பக்கம் சாய்ந்திருக்கும், அதுவும் ஆளுயரம் எழும்புவதற்கு முன்பே. தையல்காரர் உதடு அசையாமல் தன் ஒரு வரியைச் சொன்னார். ஊசியும் இல்லை, நூலும் இல்லை, ஆனாலும் சொன்னார். நல்ல எண்ணம் நல்ல எண்ணத்தோடு இருட்டில் முட்டிக்கொண்டால் மண்டை உடையத்தான் செய்யும். ஒரு வார்த்தை விளக்கைப் போல ஏற்றி வைத்திருந்தால் போதும்.

"சம்பந்தி," என்றார் மற்றவர் மெதுவாக, "நாம ரெண்டு பேரும் கொஞ்சம் மரியாதை கெட்டவங்களா இருந்திருந்தா இது சரியா வந்திருக்கும்."

அதுதான் தீப்பொறி. முதலில் தையல்காரரின் வயிறு குலுங்கியது, பிறகு சம்பந்தியின் வயிறு. பயத்தில் வந்த சிரிப்பு, அடக்க அடக்கப் பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்கள், கண்ணில் நீர் வழிந்தது, கால்கள் நான்கும் தரையில் உதைத்துக்கொண்டன. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்களை ஜமுக்காளத்திலிருந்து குடும்பமே பார்த்தது.

"என்ன வேலை செய்யுறாங்க அடியில?" என்றார் தையல்காரரின் மனைவி.

"வேலையா தெரியல," என்றார் சம்பந்தியம்மா. "ஆனா அவரு சிரிக்கிறாரு. விடுங்க."

சிரித்து முடித்ததும் கை வேகமெடுத்தது. இருக்கைக்கு அடியிலிருந்த மூடியைக் கழற்றினார்கள். திருகுகளைத் தளர்த்தி, கேபிள்களை இடம் மாற்றி, இழுவை சரிபார்த்து, திருகு தளராமலிருக்கப் பூட்டுக் கம்பியை முறுக்கிவிட்டார்கள். இடது வலது என்ற வார்த்தைகளை இருவரும் வாயால் சொல்லவில்லை. "அந்தக் கேபிள்" என்று சொல்லித் தொட்டுக் காட்டினார்கள். தொட்டது எது என்று மற்றவர் திருப்பித் தொட்டுக் காட்டினார். பிறகு சம்பந்தி உள்ளே உட்கார்ந்தார். இந்த முறை கழுத்தைத் திருப்பித் தானே பார்த்தார். இறங்கினார். தையல்காரரை உட்கார வைத்து அவரையும் பார்க்கச் சொன்னார். பைலட்டைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, அவரையும் பார்க்கச் சொன்னார்கள். அவர் மூன்று முறை சாய்த்துப் பார்த்துவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்து, முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"உங்க ரெண்டு பேரையும் ஒரே வீட்ல குடி வச்சா, பசியிலயே போயிடுவீங்க. நீங்க சாப்பிடுங்க, நீங்க சாப்பிடுங்கன்னு."

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலிலிருந்து மறுபடி பார்த்தார். கோலைச் சாய்த்தார், இறக்கையைப் பார்த்தார். இருக்கைக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு பூட்டுக் கம்பியையும் நகத்தால் நெருடினார். உள்ளே வெக்கை. வெளியே வந்து மேல்சட்டையைக் கழற்றி, கதவோர ஆணியில் மாட்டி, பையில் கையை விட்டார். பேனாவைக் காணோம். கை பையின் அடியைத் தாண்டிக்கொண்டு போனது.

"ஓட்டை," என்றார் தனக்குத்தானே. "எங்கயோ விழுந்துடுச்சு போல. பரவால்ல. யாராவது ஒரு பேனா குடுங்க."

மாப்பிள்ளை நீட்டிய பேனாவால் கையெழுத்து விழுந்தது. சம்பந்தி அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா தூக்கிப் பிடிக்க, பேத்தி இறக்கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவ்வளவுதான், கொட்டகை காலியாகிவிட்டது. பைலட் ஏறிக்கொள்ள, மாப்பிள்ளை ஒரு பக்கமும் சம்பந்தி ஒரு பக்கமுமாக விமானத்தை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஜமுக்காளத்தைக்கூட மடிக்காமல் குடும்பம் ஓடியது. ஆய்வாளரும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்துக்கு நடந்தார். தையல்காரரும் வாசல் வரை ஓடினார். ஓடும்போது ஆணியில் தொங்கிய மேல்சட்டை தோளில் உரசியது. கை பழக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்தியது. கீழ் விளிம்பில், உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே, விரல் நீளத்தில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

அவர் நின்றார்.

அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அவர் ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார். வாயால் சொன்னால் என்ன நடந்தது என்று இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். சம்பந்தி தலை குனிவார். நன்றி சொல்ல முடியாதபடிக்கு ஓசையில்லாமல் செய்துவிட்டுப் போயிருந்தார் அந்த ஆய்வாளர். இப்போது மட்டும்தான் அந்தச் சட்டை தனியாக இருக்கிறது. விமானம் இறங்கியதும் மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

மைதானத்தில் எஞ்சின் முழங்க ஆரம்பித்தது. "அப்பா, வாங்க, கிளம்புது," என்று மகள் தூரத்திலிருந்து கத்தினாள்.

"நீங்க பாருங்கம்மா, வரேன்," என்றார்.

தன் சட்டைக் காலரின் அடியில் குத்தி வைத்திருந்த சின்ன ஊசியை உருவினார். நீல நூல் இல்லை. தன் கால்சட்டையின் அடிமடிப்பைப் பார்த்தார், அடர்நீலம். ஒரு நுனியைப் பல்லால் கடித்து, நூலை நீளமாக இழுத்தெடுத்தார். மடிப்பு அவிழ்ந்து கணுக்காலில் தொங்கியது. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஊசிக் காதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நூலைக் கோத்தார். உதடு அசையாமல் தன் வரியைச் சொன்னார்.

உள்துணி வழியே பேனாவை மெல்ல மேலே தள்ளிக் கொண்டுவந்து, ஓட்டை வழியாக வெளியே எடுத்தார். பையை உட்புறம் வெளியாகத் திருப்பினார். மூலையில்தான் கிழிந்திருந்தது. மூலைதான் எப்போதும் பாரம் தாங்குகிற இடம். அதை அவசரத்தில் தைக்கக் கூடாது. இரட்டை வரியாகப் போட்டார். வெளியே எஞ்சின் சத்தம் கூடியது. சக்கரங்கள் புல்லில் தடதடவென்று ஓடுவது தரை வழியாக அவர் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு வந்தது. தடதடப்பு வேகமெடுத்தது, வேகமெடுத்தது, சட்டென்று நின்றது. எஞ்சின் மட்டும் தனியாக ஒலித்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு தையல் கோணிவிடும் என்று தோளில் துடைத்துக்கொண்டு, கடைசி நாலு குத்தலையும் போட்டு முடிச்சிட்டார்.

மைதானத்தில் கைதட்டலும் பேத்தியின் கூச்சலும் எழுந்தன. கூரைக்கு மேலே சத்தம் ஒரு முறை கடந்து போனது. கொட்டகையில் யாரும் இல்லை. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பேனாவைப் பையில் போட்டு, கீழே விழுகிறதா என்று ஒரு முறை குலுக்கிப் பார்த்தார். விழவில்லை. சட்டையை அது தொங்கிய ஆணியிலேயே, அது தொங்கிய விதமாகவே மாட்டினார்.